இன்னொரு பொட்டணம்

மூலம் என்றால் எங்கள் ஊரில் அது ஒரு நோய்தான். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சமன்பாட்டின் இரண்டு மூலங்களையும் காண்க" என்று நான் சத்தமாக வாசித்தபோது, கட்டிலில் படுத்திருந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மூலம் வந்ததற்கே உன் பெரியப்பா ஆறு மாசம் நின்றுகொண்டே சோறு தின்றார், இதில் இரண்டா என்றாள். சிரித்தால் அவளுக்கு அடிவயிறு வலிக்கும். வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தாள்.

கிணத்துக்கடவிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போக வேண்டிய ஊர் எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவில் அந்த பஸ் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுதோடு ஒரு தடவை வரும். அப்பா ஒரு கொப்பரைக் களத்தில் மேஸ்திரி. மேகம் கறுத்தால் அவருக்கு வீடு, வாசல், பெண்டாட்டி, பிள்ளை எதுவும் ஞாபகம் இருக்காது, காயப்போட்ட கொப்பரைதான் ஞாபகம் இருக்கும். நான் ஒரே பெண். கணக்கு எனக்கு நன்றாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறெதுவும் வராது, அதனால் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஆடி மாசத்திலிருந்தே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று உதிரம் போய்க்கொண்டே இருந்தது. வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து கணக்குப் போடுவேன். அவளுக்குப் பேச்சுத் துணை, எனக்கும் சமையலறைக்குப் போகாமல் தப்பிக்க ஒரு சாக்கு.

அம்மா ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ஆனால் கேள்வி கேட்பதில் மட்டும் பி.எச்டி. ஒரு நாள் ஒரு தோட்டத்துக் கணக்கு. தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட நான்கு மீட்டர் அதிகம், பரப்பு தொண்ணூற்றாறு சதுர மீட்டர், அகலம் என்ன. நான் சமன்பாடு எழுதி, காரணிப்படுத்தி, எட்டு அல்லது மைனஸ் பன்னிரண்டு என்று கண்டுபிடித்தேன். அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது, ஆகவே எட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டேன். நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டதை அவள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அந்த இன்னொண்ணு என்னாச்சு கண்ணு?" என்றாள்.

வேண்டாமென்று விட்டுவிட வேண்டும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்துவிட்டு, வந்த விருந்தாளியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற மாதிரி விட்டுவிடுவதா என்றாள். அதற்குப் பிறகு நான் எந்த இருபடிச் சமன்பாட்டை முடித்தாலும், எதை எடுத்தாய் என்று கேட்க மாட்டாள், எதை விட்டாய் என்றுதான் கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும். பரீட்சையில் இதற்கெல்லாம் மார்க் கிடையாதும்மா என்று ஒரு நாள் வெடுக்கென்று சொன்னேன்.

ஆவணியில் அப்பா அம்மாவைப் பீளமேட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். டாக்டர் ஓர் அம்மா. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேசன் செய்து எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் பெரும்பாலும் நல்லாகிவிடும், தள்ளிப்போட வேண்டாம் என்றார். அப்பா கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். உயிருக்குப் பயமில்லைங்களே என்று மூன்று தடவை கேட்டார். டாக்டர் மூன்று தடவையும் பெரும்பாலும் என்ற அதே சொல்லைத்தான் சொன்னார். அப்போது வகுப்பில் நிகழ்தகவு ஆரம்பித்திருந்தார்கள். பெரும்பாலும் என்பதற்கு எங்கள் புத்தகத்தில் எண் எதுவும் இல்லை. பாதிக்கு மேல், ஒன்றுக்குக் கீழ் என்று பஸ்ஸில் வரும்போது நானாக வைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அப்பாவுக்குப் போதவில்லை. களத்தில் இத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷனுக்குக் கத்தி என்றதும் தைரியம் போய்விட்டது. ஒரு வாரம் களமே கதி என்று கிடந்தார். பிறகு அவருடைய அக்காவை, என் அத்தையை, வரச் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் அத்தை வர வேண்டும். அவள் வந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டு முடித்ததும் அப்பா பேச்சை எடுத்தார். ஆபரேசன் செய்யலாமா வேண்டாமா என்று மாரியாத்தாளிடம் பூக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அத்தை சரி என்றாள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். வெள்ளை அரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம். இரண்டையும் வெளியே அடையாளம் தெரியாத மாதிரி வாழை இலையில் மடித்து, வாழை நாரில் கட்டி, சாமி முன்னால் வைப்பார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்துப் பார்த்தால் சாமியையே சோதித்த மாதிரி. அதை அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவார்கள். கிணறு வெட்டுவதற்கு, பெண் பார்ப்பதற்கு, எருமை வாங்குவதற்கு என்று எல்லாவற்றுக்கும் பூக் கேட்பார்கள். பொட்டணம் கட்டுவது கல்யாணம் ஆகாத பெண்ணின் வேலை. தலைக்குக் குளித்துவிட்டு, யாரும் பார்க்காமல் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

வெள்ளிக்கிழமை காலையில் பின்கட்டில் உட்கார்ந்து இலையை விரித்தேன். இரண்டு பொட்டணம், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. வெள்ளை வருவதற்கான நிகழ்தகவு இரண்டில் ஒன்று. ஒரு நாணயத்தைச் சுண்டுகிற கணக்கு அது. முதல் பயிற்சியின் முதல் கணக்கு. டாக்டர் பாதிக்கு மேல் என்று கொடுத்ததை இவர்கள் இழுத்துக்கொண்டுவந்து பாதியில் நிறுத்துகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சிவப்பு வந்துவிட்டால் அப்பா அதற்குப் பிறகு பீளமேட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். அப்புறம் பாதியும் இல்லை, பூச்சியம்.

செவ்வரளியை எடுத்து எருக்குழியில் போட்டேன். இரண்டு பொட்டணத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன். அவிழாமல் இருக்க இரண்டு முடிச்சு போட்டேன். நடந்தே தீரக்கூடியதை நிச்சய நிகழ்ச்சி என்று புத்தகம் சொல்லும். அதன் நிகழ்தகவு ஒன்று. பயம் இல்லை. சாமி குற்றம் என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை. ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட திருப்திதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

எங்கள் கணக்கு சாருக்கு ஒரு பாட்டு உண்டு. கேள்வியை முழுசாகப் படி, பாதி படித்துவிட்டுப் பாயாதே என்று தினமும் ஒரு தடவையாவது பாடிவிடுவார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதையே பாடிக் காட்டிச் சிரிப்போம்.

கோயிலில் நாங்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, அத்தை, நான், பூ எடுப்பதற்காக அத்தை கையில் பிடித்துக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண். பூசாரி பொட்டணங்களை வாங்கி ஆத்தாளின் காலடியில் வைத்தார். கேள்வியைச் சொல்ல வேண்டியது வீட்டுக்குப் பெரியவள். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

எங்கள் ஜனங்களுக்கு வாய் ரொம்ப மரியாதையான வாய். விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், குளிர வை என்பார்கள். கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், போயிட்டு வாரேன் என்பார்கள். எதிராளி மனசு நோகிற மாதிரி, வாசலில் நிற்கிற மகாலட்சுமி காதில் விழுகிற மாதிரி ஒரு கெட்ட சொல்லும் வராது. மனுஷருக்கே இப்படி என்றால் மாரியாத்தாளுக்கு முன்னால் அறுப்பது, கத்தி, ரத்தம் என்று எவளாவது வாயைத் திறப்பாளா? வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து ஆபரேசன் செய்யலாமா என்று பேசியது வேறு. இது ஆத்தாள் சன்னதி. எனக்கு இதெல்லாம் தெரியாமலா போயிற்று? பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. ஆனால் கணக்குப் போடும்போது ஞாபகம் வரவில்லை.

அத்தை கும்பிட்ட கையை நெற்றிக்கு மேல் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆத்தா, வேற ஒண்ணும் இவ மேல படாம, நீயே இவளைக் கொணப்படுத்திப் போடுவியா தாயி? ஆமான்னா வெள்ளப் பூவக் குடு."

எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. கேள்வி தலைகீழாகிவிட்டது. வெள்ளை வந்தால் ஆபரேசன் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டிலும் வெள்ளை. அதற்குள் குட்டிப் பெண் குனிந்து, வலது பக்கத்துப் பொட்டணத்தை எடுத்துப் பூசாரியிடம் நீட்டிவிட்டாள். எந்தப் பக்கம் எடுத்தால் என்ன. நான்தான் நிச்சய நிகழ்ச்சி ஆக்கி வைத்திருந்தேனே.

பூசாரி பிரித்துக் காட்டினார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா கோயில் தூணில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். பயம் தெளிந்த அழுகை அது. அவர் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. நில்லுங்கள், நான்தான் தப்பாகக் கட்டிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பயத்தினால் என்று சொன்னால் அழகாக இருக்கும். பயம்கூட இல்லை. வேறு யாருக்கோ நடப்பதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு பொட்டணத்தைக் கிணற்றில் போட அத்தை எடுத்தாள். நானே போட்டுக்கறனுங்க அண்ணி என்று அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரிடம் மருந்து வாங்கினார்கள். அப்பா வாரா வாரம் போய் வந்தார். கறுப்பாக ஒரு சூரணம், தேனில் குழைத்துக் காலையும் மாலையும். முதல் இரண்டு மாசம் உதிரம் நின்ற மாதிரிகூட இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒருவேளை சரியாகிவிடும், ஒருவேளை என் தப்பு தப்பில்லாமல் போய்விடும் என்று பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். புத்தகத்தில் இருந்த இருபடிச் சமன்பாடு முழுவதையும் போட்டு முடித்து, திரும்ப முதலிலிருந்து போட்டேன். விடை ஏற்கெனவே தெரியும். தெரிந்த விடையே திரும்பத் திரும்ப வருவது நன்றாக இருந்தது. அதுவும் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒன்றும் தோன்றாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கார்த்திகையில் அம்மாவின் முகம் வெளுத்தது. மார்கழியில் புடவை இடுப்பில் நிற்கவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் காலையில் நினைப்பேன். அவர் களத்துக்குப் போய்விடுவார். பொழுதோடு சொல்லலாம் என்று நினைப்பேன். பொழுதோடு வந்து, ஆத்தா பார்த்துக்குவாள் என்று அம்மாவின் தலையைத் தடவிவிட்டுப் படுத்துவிடுவார்.

தைப் பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம். பள்ளிக்கூடம் லீவு. அம்மா என்னைக் கட்டிலில் வந்து உட்காரச் சொன்னாள். தலையணை உறைக்குள் கைவிட்டு ஒரு பொட்டணத்தை எடுத்தாள். காய்ந்துபோன வாழை இலை. நாரில் இரண்டு முடிச்சு போட்டிருந்த இடம் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் பிரித்திருந்தாள்.

"அந்த இன்னொண்ணு என்னாச்சுன்னு கேட்டா, வேண்டாம்னு விட்டறோணும்மான்னு சொல்லுவியே. எனக்கு மனசு கேக்குல கண்ணு. கெணத்துல போடப் போனவ, பிரிச்சுப் பாத்துப்போட்டேன்."

உள்ளே பூ பழுப்பாகச் சுருண்டிருந்தது. இப்போது பார்த்தால் எந்த நிறமென்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கே பார்த்தேன், வெள்ளை என்றாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வயிறு கல் மாதிரி இருந்தது.

"அம்மாளுக்குக் கத்தி படக் கூடாதுன்னுதான ரெண்டுலயும் வெள்ளையவே கட்டுன? எனக்கு அத்தன பயம் கண்ணு. இந்த ஊட்டுல ஒருத்தருமே என்னையக் கேக்குல. நீ ஒருத்திதான் என்ற மனசத் தெரிஞ்சவ."

அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அத்தனை மாசத்தில் அவளை அப்படி நான் பார்க்கவில்லை. இல்லைம்மா, நான் ஆபரேசன் செய்ய வைக்கத்தான் அப்படிக் கட்டினேன், அத்தை கேள்வியை மாற்றிவிட்டாள், ஆத்தா ஒரு உத்தரவும் கொடுக்கவில்லை, இப்போதே அப்பாவைக் கூப்பிடு, பீளமேட்டுக்குப் போகலாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாலு வரி. மனசுக்குள் வரி வரியாக எழுதிக்கூடப் பார்த்தேன். சொன்னால் இந்த வீட்டில் தன் மனசைத் தெரிந்தவள் ஒருத்திகூட இல்லை என்று ஆகிவிடும். அதைச் சொல்லிவிட்டு அவளை அவள் பயப்படுகிற கத்திக்கே அனுப்ப வேண்டும்.

"ஆமாம்மா" என்றேன்.

அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், சாமியை ஏமாற்றிவிட்டதாகப் பயந்துகொள்வார் என்றாள். சரி என்றேன். எழுந்துபோய்ப் பாயில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட்டேன்.

மாசிக் கடைசியில் அவள் மயக்கம் போட்டு விழுந்தபோது களத்து முதலாளியின் காரில் பீளமேட்டுக்குத் தூக்கிப்போனோம். அதே டாக்டர். இத்தனை மாசம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். சாமி உத்தரவு குடுக்கலைங்க என்றார் அப்பா. டாக்டர் அம்மாவை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். இந்தத் தடவை பெரும்பாலும் என்ற சொல் வரவில்லை. பதினோரு நாள் வைத்திருந்தோம். பங்குனி பிறந்த வாரத்தில் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் என்னைப் பிடித்து உலுக்கி, அழு சாமி, அழுதுபோடு என்றார்கள். அடக்கி வைத்திருக்கிறாள் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அடக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் கணக்குப் பரீட்சை. போனேன். நிகழ்தகவில் பை, பந்து என்று ஒரு கணக்கு வந்திருந்தது. கேள்வியை நான்கு தடவை முழுசாகப் படித்துவிட்டுப் போட்டேன். வகுப்பிலேயே முதல் மார்க் எனக்குத்தான். விடைத்தாளைக் கொடுக்கும்போது கணக்கு சார் என் தலையில் கை வைத்தார். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அம்மா தாங்காமல் அப்பாவிடம் பொட்டண விஷயத்தைச் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு முதல் வருஷத் திதியில்தான் தெரிந்தது. அப்பாவுக்குக் கோபமே இல்லை. ஆத்தாளே பிள்ளை கையில் புகுந்து அப்படிக் கட்டியிருக்கிறாள், அம்மாவின் ஆயுசு அவ்வளவுதான், அதில் கத்தி வேறு எதற்கு என்று ஆத்தா நினைத்திருக்கிறாள் என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொன்னார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் சாதிசனத்தில் பெற்றவள் மேல் பாசத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் சொல்வார்கள்.

அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. என்னோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு பங்குனியிலும் திதி கும்பிட்டு முடித்து இலைக்கு உட்கார்ந்ததும், என் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லிவிடுவார். போன வருஷமும் சொன்னார்.

"உங்கம்மாளுக்கு அப்பப் பதினாறு வயசு கண்ணுகளா. ரெண்டுலயும் வெள்ளயக் கட்டிப்போட்டா. அவங்கம்மா மேல ஒரு கீறல் பட விட்டிருப்பாளா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, செரிதான?"

பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாங்கப்பா என்று சொல்லிவிட்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.